முதல் வண்டி முதற்படியாக இருக்கட்டும்

வங்கிக் கிளைகளின் கடன் பிரிவில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட நிறைவடையாத ஓர் இளைஞர் மேசைக்கு முன் அமர்ந்திருக்கிறார். அருகில் அவருடைய தந்தை. இணைக் கடனாளராகக் கையெழுத்திட வந்திருக்கிறார். மேசைமீது சம்பளச் சீட்டுகள், ஆதார் நகல், விற்பனையகம் கொடுத்த விலைப்புள்ளி. விலைப்புள்ளியில் இருப்பது 350 சிசி மோட்டார் சைக்கிள். இளைஞரின் ஓட்டுநர் உரிமம் சென்ற மாதம்தான் கைக்கு வந்தது. பயிற்சிப் பள்ளியின் பழைய 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டி அதைப் பெற்றிருக்கிறார்.

அலுவலர் கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்கிறார். கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, வேறு கடன் உண்டா, கடன் மதிப்பெண் என்ன, எத்தனை ஆண்டுத் தவணை வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்படுகிறது. கடனும் ஒப்புதலாகிவிடுகிறது. ஒரு கேள்வியை மட்டும் அந்த மேசையில் எவரும் கேட்பதில்லை. மழை பெய்து ஓய்ந்த சாலையில், குறுக்கே திடீரென ஒரு பள்ளிச் சிறுவன் ஓடிவந்தால், இந்த வண்டியை இவரால் நிறுத்த முடியுமா?

அதைக் கேட்பது வங்கி அலுவலரின் பணியன்று. விற்பனையாளரும் கேட்கப் போவதில்லை. ஆகவே வாங்குபவரும் அவருடைய குடும்பத்தாரும்தாம் கேட்டாக வேண்டும். புதிதாக ஓட்டத் தொடங்கும் ஒருவருக்கு முதல் மோட்டார் சைக்கிள் எடை குறைந்ததாக, ஆற்றல் மிதமானதாக, விலை எளிதில் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. கனவு வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. அதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் அமைக்காத படிகள்

நம் நாட்டில் பதினெட்டு வயது நிறைந்தவர் பழகுநர் உரிமம் பெற்று, முப்பது நாள்கள் கழிந்தபின் தேர்வில் தேறினால், கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டும் உரிமம் பெறுகிறார். பதினாறு வயதில் கிடைக்கும் உரிமம் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. பதினெட்டுக்குப் பிறகு அத்தகைய படிகள் எவையும் இல்லை. 100 சிசி வண்டியில் தேர்வெழுதியவர் மறுநாளே 1,000 சிசி வண்டியை வாங்கி நெடுஞ்சாலையில் ஓட்டலாம். சட்டம் தடுக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறை வேறு. அங்கு மோட்டார் சைக்கிள் உரிமம் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் நிலை 125 சிசி, 11 கிலோவாட் ஆற்றல்வரை. அதாவது ஏறத்தாழ 15 குதிரைத்திறன். அடுத்த நிலை 35 கிலோவாட் வரை. அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மூன்றாம் நிலை உரிமம் வேண்டும். ஜப்பானிலும் 125 சிசி, 400 சிசி என்ற எல்லைகளை வைத்து உரிமம் வகுக்கப்பட்டுள்ளது. ஒருவர் எவ்வளவு ஆற்றலைக் கையாளத் தகுதி பெற்றிருக்கிறார் என்பதை அரசே அளந்து சொல்கிறது. நம் நாட்டில் அந்த அளவுகோல் இல்லாததால், படிகளை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வரி விதிப்பும் இதில் உதவாது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிவரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. இதனால் 100 சிசி வண்டிக்கும் 349 சிசி வண்டிக்கும் வரி விகிதம் ஒன்றே. விலை குறைந்ததும், 'இன்னும் கொஞ்சம் போட்டால் பெரியதே கிடைக்குமே' என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. வரிக்கோடு வருவாய்க் கணக்கில் வரையப்பட்டது. புதியவரின் கைப்பக்குவத்தை அது அளப்பதில்லை.

இதைப் பொருட்படுத்தாமல் விடுவதன் விலை என்ன? மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாததால் மட்டும் உயிரிழந்தோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தவர்கள். இந்த இறப்புகளுக்கெல்லாம் பெரிய வண்டிதான் காரணம் என்று சொல்வது தவறாகும். சிறிய வண்டியில் சென்றவர்களும் இதில் ஏராளம். ஆயினும் மன்னிப்புக்கு இடம் குறைந்த ஒரு சாலையில்தான் நாம் கற்கப் போகிறோம் என்பதை இந்த எண்கள் தெளிவாகச் சொல்கின்றன.

எடையும் இருக்கை உயரமும்

புதியவர்கள் வண்டியைச் சிசி எண்ணால் மதிப்பிடுகிறார்கள். கற்கும் நாளில் முதலில் உணரப்படுவது எடையே. நாடெங்கும் ஓடும் ஸ்பிளெண்டர் வகை 97 சிசி வண்டியின் எடை சுமார் 112 கிலோ. இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர். ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 சுமார் 195 கிலோ; இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர். இடையே 80 கிலோவுக்கும் மேற்பட்ட வேறுபாடு இருக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவரை எந்நேரமும் கூடுதலாகச் சுமந்து திரிவதற்கு ஒப்பானது அது.

வண்டி வேகமாகப் போகும்போது இந்த எடை தெரியாது. அப்போது சக்கரங்களின் சுழற்சியே வண்டியை நிமிர்த்தி வைத்துக்கொள்ளும். எடை தெரிவது மெதுவாகப் போகும்போதுதான். போக்குவரத்து நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்கையில், மேம்பாலச் சரிவில் நின்று மீண்டும் கிளம்புகையில், மணல் கொட்டிக் கிடக்கும் தெருமுனையில் திரும்புகையில், பெட்ரோல் நிலையத்தில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளுகையில் அது கால்களில் வந்து இறங்குகிறது. புதியவர் கிளட்சை விடும் பக்குவம் அறியாதவர். இன்ஜின் நின்றுவிடும், வண்டி ஒரு பக்கம் சாயும். 112 கிலோ சாய்ந்தால் ஒரு காலால் தாங்கிவிடலாம். 195 கிலோ சாய்ந்தால் பெரும்பாலோரால் முடியாது. பின்னால் தாயோ தங்கையோ அமர்ந்திருந்தால் நிலைமை இன்னும் கடினம்.

'பெரிய வண்டியை வாங்கி மெதுவாக ஓட்டினால் போயிற்று' என்று சிலர் சொல்வதுண்டு. நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் யோசனைதான். ஆனால் மெதுவாக ஓட்டும்போதுதான் கனமான வண்டி புதியவரை மிகுதியாக வருத்துகிறது. வேகம் குறைந்தால் ஆபத்தின் அளவு குறையும். வண்டியைக் கையாளும் சிரமம் குறையாது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியையும் நினைவுகூரலாம். 350 சிசி புல்லட்டை 1950-களில் இந்திய இராணுவம் எல்லைக் காவல் பணிக்காகத் தேர்ந்தெடுத்தது. அதைத் தொடர்ந்து 1955-ல் இங்கிலாந்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து சென்னையில் அதைத் தயாரிக்க முற்பட்டன. பயிற்சி பெற்ற வீரர் கரடுமுரடான எல்லைப் பாதையில் ஓட்டுவதற்கென்று தெரிவு செய்யப்பட்ட வண்டி அது. அதன் மீதுள்ள மதிப்பு நியாயமானதே. நேற்று உரிமம் வாங்கியவர் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பிலோ மும்பையின் அந்தேரியிலோ மாலை நேரத்தில் ஓட்டிப் பழகுவதற்கான வண்டி அதுவா என்பது வேறு கேள்வி.

விற்பனையகத்திற்குச் செல்பவர் வாங்குவதற்கு முன் இவற்றைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். இருக்கையில் அமர்ந்ததும் இரு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் உறுதியாகப் படிய வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டியைப் பத்தடி பின்னுக்குத் தள்ள முடிய வேண்டும். நடு ஸ்டாண்டு இருந்தால் உதவியின்றிப் போட்டு எடுக்க முடிய வேண்டும். கைகள் முற்றிலும் விறைத்து நீளாமல் கைப்பிடியை எட்ட வேண்டும்; கிளட்ச் பிடியை நான்கு விரல்களாலும் அயர்வின்றி அழுத்த முடிய வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது நேர்ச்சாலையில் விரைவதைவிட, ஒரு குறுகிய தெருவில் முழுதாகத் திருப்பிப் பார்ப்பதே மேல். பெண்கள் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்க வரும்போது, உடன்வந்த ஆண்களே ஓட்டிப் பார்த்து முடிவு சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வண்டி யாருடைய கால்களுக்கோ அவரே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நிறுத்தும் திறன்

கிளப்பக் கற்பது எளிது. ஒரு வாரத்தில் வந்துவிடும். நிறுத்தக் கற்பதற்கு மாதங்கள் ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு விநாடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடந்துவிடுகிறார். 60 கிலோமீட்டர் வேகமானால் ஏறத்தாழ 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தேடும் அந்த ஒரு விநாடிக்குள் வண்டி அவ்வளவு தூரம் போயிருக்கும். அதன்பின் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுகிறது. 40-லிருந்து 60-க்கு வேகம் ஒன்றரை மடங்கு உயர்ந்தால், பிரேக் தூரம் இரண்டேகால் மடங்காகிறது. 80 ஆனால் நான்கு மடங்கு.

நம் சந்தையில் உள்ள 100 சிசி வண்டிகள் ஏறத்தாழ 8 குதிரைத்திறன் கொண்டவை. 400 சிசி அளவிலான சில வண்டிகள் 40 குதிரைத்திறனையும் தாண்டுகின்றன. ஐந்து மடங்கு ஆற்றல். எடை அதே விகிதத்தில் கூடுவதில்லை. பள்ளத்தில் இறங்கிக் கை அறியாமல் ஆக்சிலரேட்டரைச் சற்று முறுக்கினால், சிறிய வண்டி உறுமுவதோடு நிற்கும். ஆற்றல்மிக்க வண்டி பாய்ந்துவிடும். புதியவர் பிழை செய்யாமல் கற்க முடியாது. அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் வண்டி அவருக்கு வேண்டும்.

பிரேக்கைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட அனைத்துப் புதிய இருசக்கர வாகனங்களிலும் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. 125 சிசிவரை உள்ளவற்றில் ஒரு பிரேக்கை அழுத்தினால் மற்றதும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். அமைப்பாவது இருக்க வேண்டும். சில வண்டிகளில் ஏ.பி.எஸ். முன் சக்கரத்திற்கு மட்டுமே இருக்கும். சிலவற்றில் இரண்டிற்கும் உண்டு. வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்கே செய்கிறது. ஆனால் 'முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்' என்ற அறிவுரை வீடுதோறும் சொல்லப்படுகிறது. அந்த அச்சத்தால் பின் பிரேக்கை மட்டுமே மிதிப்பவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. ஆளற்ற மைதானத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்திப் பழகுவது முதல் மாதத்தின் பாடமாக இருக்கட்டும். எடை குறைந்த வண்டியில் அந்தப் பாடத்தை அச்சமின்றித் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

எந்த அளவு பொருந்தும்?

நகரத்துக்குள், நாளொன்றுக்கு இருபது முப்பது கிலோமீட்டர் செல்பவருக்கு 100 முதல் 125 சிசிவரை போதும் என்பது என் கருத்து. புறநகரிலிருந்து நெடுஞ்சாலை வழியாக நாள்தோறும் வந்துபோகிறவருக்கு இது பொருந்தாது. கனரக லாரிகளுக்கு நடுவே மிகச் சிறிய வண்டி திணறும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. அவர் ஏ.பி.எஸ். உள்ள 150 அல்லது 160 சிசி வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம். இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் 135 முதல் 150 கிலோ எடையும் 13 முதல் 17 குதிரைத்திறனும் கொண்டவை. ஐரோப்பிய முதல் நிலை உரிமத்தின் 15 குதிரைத்திறன் எல்லையை ஒட்டியே இவை இருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

கியர் இல்லாத ஸ்கூட்டரிலிருந்து தொடங்கலாமே என்று கேட்கலாம். தொடங்கலாம். நெரிசலில் அது எளியது. ஆனால் அதன் சிறிய சக்கரங்கள் குண்டும் குழியுமான சாலையில் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். மோட்டார் சைக்கிளின் 17, 18 அங்குலச் சக்கரங்கள் அதே பள்ளத்தை எளிதாகக் கடந்துவிடும். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்த உரிமத்தைக் கொண்டு கியர் வண்டியை ஓட்ட முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தவணைக் கணக்கு

இனி, வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்கு நெருக்கமான பகுதி. கணக்கை எளிதாக்க இரண்டு வண்டிகளை ஒப்பிடுவோம். முதலாவது, சாலைக்கு வரும்போது ஒரு லட்சம் ரூபாய் விலை. 20,000 ரூபாய் முன்பணம் போக 80,000 ரூபாய் கடன், 12 விழுக்காடு வட்டி, மூன்று ஆண்டுகள். மாதத் தவணை 2,657 ரூபாய். செலுத்தும் மொத்த வட்டி ஏறத்தாழ 15,650 ரூபாய்.

இரண்டாவது, இரண்டரை லட்சம் ரூபாய் விலை. 50,000 முன்பணம் போக இரண்டு லட்சம் ரூபாய் கடன். மூன்றாண்டுத் தவணை கட்டுபடியாகாது என்பதால் ஐந்து ஆண்டுகள். வட்டி அதே 12 விழுக்காடு. மாதத் தவணை 4,449 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 66,900 ரூபாய்.

பெட்ரோலையும் சேர்ப்போம். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 750 கிலோமீட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 1,250 ரூபாய். 35 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு ஏறத்தாழ 2,143 ரூபாய். ஆக முதல் வண்டிக்கு மாதச் செலவு 3,907 ரூபாய். இரண்டாவதற்கு 6,592 ரூபாய். கைக்கு 25,000 ரூபாய் வாங்குபவருக்கு முதலாவது சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். பராமரிப்புச் செலவு இதில் சேரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்துப் பாருங்கள். முதல் வண்டிக்காரர் கடனை அடைத்துவிட்டார். வண்டி அவருக்கே சொந்தம். இரண்டாவது வண்டிக்காரருக்கு இன்னும் ஏறத்தாழ 94,500 ரூபாய் அசல் நிலுவையில் இருக்கிறது. சிறிய வண்டியை எடுத்தவர் மிச்சமாகும் தொகையிலிருந்து மாதம் 2,600 ரூபாயைத் தொடர் வைப்பில் செலுத்திவந்தால், மூன்றாண்டு முடிவில் அசல் மட்டுமே 93,600 ரூபாய் சேர்ந்திருக்கும். கனவு வண்டிக்கு முன்பணம் தயார். அதை ஓட்டும் பக்குவமும் அதற்குள் வந்திருக்கும்.

வட்டியைக் கேட்கும்போது, அது குறைந்துவரும் நிலுவைமீதா, அல்லது முழு அசல்மீதும் இறுதிவரை கணக்கிடப்படும் 'ஃபிளாட்' வட்டியா என்று கட்டாயம் கேட்க வேண்டும். 80,000 ரூபாய்க்கு மூன்றாண்டுகளுக்கு 12 விழுக்காடு ஃபிளாட் வட்டி என்றால் வட்டி மட்டும் 28,800 ரூபாய். தவணை 3,022 ரூபாய். குறைந்துவரும் நிலுவை முறையில் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 21 விழுக்காட்டுக்குச் சமம். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, ஆண்டுக்கான மொத்தச் செலவு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் தருபவர் அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கையெழுத்திடுமுன் அதைப் படிப்பது கடன் பெறுபவரின் உரிமை. இணைக் கடனாளராகக் கையெழுத்திடும் பெற்றோரும் படிக்க வேண்டும். தவணை தவறினால் அவர்களுடைய கடன் வரலாறும் பாதிக்கப்படும்.

காப்பீட்டில் கவனம்

2018 செப்டம்பர் முதல், உச்ச நீதிமன்ற ஆணைப்படி, புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு வாங்கும்போதே கட்டாயம். இது நம்மால் பிறருக்கு நேரும் இழப்பை மட்டுமே ஈடு செய்யும். நம் வண்டிக்கான சேதக் காப்பீடு தனி; அதைக் காலம் தவறாமல் புதுப்பிக்காமல் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி உரிமையாளரே ஓட்டும்போது நேரும் விபத்துக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர்க் காப்பீடு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

புதியவரின் வண்டி முதலாண்டில் ஓரிரு முறையாவது சாயும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குச் சேத ஈட்டில் 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். உடல் முழுதும் பிளாஸ்டிக் உறை போர்த்திய பந்தய வடிவ வண்டி நின்ற இடத்தில் சாய்ந்தாலே செலவு ஆயிரக்கணக்கில் வரும். அதில் பாதி நம் கையைக் கடிக்கும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீட்டை முதல் ஆண்டிலாவது எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். உறையில்லாத எளிய வண்டியை வாங்குவது அதைவிடச் சிக்கனம்.

பழைய வண்டி இழிவல்ல

முதல் வண்டி புதியதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. காப்பீட்டு மதிப்பைக் கணக்கிடும் பொது அட்டவணைப்படி, ஓராண்டு கடந்த வண்டிக்கு 20 விழுக்காடும், மூன்றாண்டு கடந்ததற்கு 40 விழுக்காடும் தேய்மானம் கழிக்கப்படுகிறது. அந்த இழப்பை முந்தைய உரிமையாளர் ஏற்றபின் நாம் வாங்குகிறோம். அதில் ஒரு கீறல் விழுந்தால் நமக்கும் அவ்வளவு வலிக்காது. கீறலுக்கு அஞ்சாதவர் விரைவில் கற்கிறார்.

ஆனால் ஆவணங்களில் கறாராக இருக்க வேண்டும். பதிவுச் சான்றில் கடன் தந்த நிறுவனத்தின் பெயர் இன்னும் இருந்தால், அந்நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் கொடுக்கக்கூடாது. உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலத்திலிருந்து வரும் வண்டியானால் படிவம் 28. நிலுவையிலுள்ள அபராதங்களைப் பரிவாகன் இணையதளத்தில் பார்க்கலாம். உரிமை மாறிய 14 நாள்களுக்குள் காப்பீட்டையும் நம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும்.

'சிறிய வண்டி ஓராண்டில் சலித்துவிடும். அப்புறம் இரட்டைச் செலவு' என்பாருக்கும் இதிலேயே விடை இருக்கிறது. எங்கும் புழங்கும் 100, 125 சிசி வண்டிகளுக்குப் பழைய வண்டிச் சந்தையில் வாங்குவோர் எப்போதும் உண்டு. விற்றால் கிடைக்கும் தொகை அடுத்த வண்டிக்கு உதவும். லடாக்கின் கார்துங் லா கணவாயை எண்ணிப் பெரிய வண்டி வாங்குவோரும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பயணத்துக்காக, எஞ்சிய நாள்களிலெல்லாம் அந்த எடையை நெரிசலில் தள்ள வேண்டுமா? லேயிலும் கோவாவிலும் முறையான அனுமதி பெற்ற வாடகை வண்டிகள் கிடைக்கின்றன.

மிச்சப்படும் பணத்தில் முதல் செலவு

விலைப்புள்ளியில் மிச்சப்படுத்திய தொகையில் முதல் பங்கு தலைக்குப் போக வேண்டும். 2021 ஜூன் முதல் இந்தியத் தரச்சான்று பெற்ற தலைக்கவசங்களை மட்டுமே தயாரிக்கவும் விற்கவும் சட்டம் அனுமதிக்கிறது. ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதில் இருக்கும். முகத்தை முழுதும் மூடுவதாக, அசைத்தால் ஆடாததாக, தாடைப் பட்டை இறுகக் கட்டக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு வாங்குங்கள், பின்னால் அமர்பவரின் தலையும் அதே தரையில்தான் மோதும். கையுறை, கணுக்காலை மூடும் காலணி, மழைக்கோட்டு ஆகியவை அடுத்து. வண்டியோடு தரச்சான்று பெற்ற தலைக்கவசம் தரப்பட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அதைக் கேட்டு வாங்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பதினெட்டு நிரம்பாத பிள்ளையின் கையில் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்து, அவர் குற்றம் புரிந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு நீக்கப்படும். பதினெட்டு நிரம்பியபின் வண்டி வாங்கித் தருவது பெற்றோரின் அன்பு. எந்த வண்டி என்று உடனிருந்து தேர்ந்தெடுப்பதும் அந்த அன்பின் பகுதிதான்.

மீண்டும் அந்தக் கடன் மேசைக்கு வருவோம். ஒப்புதலான தொகை, நாம் கடன் பெறத்தக்க உச்ச அளவு. அவ்வளவையும் பெற்றாக வேண்டும் என்பதில்லை. இரண்டு லட்சம் கிடைக்கும் இடத்தில் 80,000 ரூபாய் போதும் என்று சொல்ல இளைஞருக்கு உரிமை உண்டு. அவ்வாறு சொல்லும்படி மகனையோ மகளையோ ஊக்குவிக்கத் தந்தைக்கும் தாய்க்கும் உரிமை உண்டு. விலைப்புள்ளியை மேசைமீது வைப்பதற்கு முதல்நாள் மாலை, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வண்டியை இவரால் நிறுத்த முடியுமா? 'முடியும்' என்ற விடை தயக்கமின்றி வரும் வண்டியே இவருக்கு முதல் வண்டி.